வாங்கினேன்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஜலஜாவைப் பட்டம் வருவதற்கு முன்பே ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஏன் சிறு வயதிலேயே குற்றவாளிகளாகிறார்கள் என்பது அவளுடைய ஆராய்ச்சி. “திருட்டுப் பசங்களைப் பத்திக்கூட ஒரு படிப்பா?” என்று அப்பா வைத்தி கேலி செய்வார். அவள் இந்தியில் பதில் சொல்வாள். தில்லியில் பிறந்த பெண்; தமிழ் அவளுக்குச் சமையலறை வரைக்கும்தான்.

அவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த வீராயி ஒரு நாள் தேய்ப்பதை விட்டுவிட்டு ஓவென்று அழுதாள். ஊரிலிருந்து மதராசி கேம்ப் குடிசைக்கு அப்போதுதான் வந்திருந்த அவள் மகன் மாசிலாமணியைத் திருட்டுக் கைக்கடிகாரத்தோடு போலீஸ் பிடித்துவிட்டது.

“அவனுக்கு இந்தி தெரியாது கண்ணு. கோர்ட்டுல நீதான் அவனுக்கு வாயா இருக்கணும்.”

“அழாதீங்கோ. அவனைக் கூட்டிண்டு வர்றது என் பொறுப்பு.”

சிறுவர் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் அம்மாள் கேட்டாள், கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று.

மாசிலாமணி ஜலஜாவையே பார்த்துச் சொன்னான். “பஸ் ஸ்டாப்புல ஒரு ஆளுகிட்ட வாங்கினேங்க்கா.”

“கரீதா,” என்றாள் ஜலஜா. விலைக்கு வாங்கினானாம்.

“எந்தப் பணத்தில்?”

ஜலஜா அவன் பக்கம் திரும்பினாள். “உனக்குக் காசு ஏது?”

பையன் விழித்தான். “எங்கிட்ட ஏதுக்கா காசு?”

அதையும் இந்தியில் சொன்னபோது அறையே சிரித்தது. ஜலஜாவுக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவன் சொல்லும் முதல் பொய்! அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியவள் அல்லவா? மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டாள். சீர்திருத்தப் பள்ளியில் மூன்று வருடம் என்று உத்தரவாயிற்று.

கிருத்திகையன்று மலை மந்திர் முருகன் கோயிலில் வீராயி எதிரே வந்தாள். முகத்தில் கோபமில்லை, அதுதான் ஜலஜாவை அறுத்தது.

“நீ என்ன செய்வே கண்ணு, என் தலையெழுத்து. இந்தா, முருகன் துன்னூறு. வாங்கிக்க.”

விபூதி உள்ளங்கையில் விழுந்தது. ஜலஜாவின் கை அப்படியே நின்றது.

“என்ன சொன்னீங்கோ?”

“வாங்கிக்கன்னேன். ஒருத்தர் குடுத்தா கையில வாங்கிக்கிறதில்லையா?”

ஐயோ! எவனோ ஓடுகிற அவசரத்தில் நீட்டியிருக்கிறான். பிள்ளை கையில் வாங்கியிருக்கிறான். காசு எங்கே வந்தது இதில்?

மறுநாள் நீதிமன்றத்துக்கு ஓடினாள், கெஞ்சினாள். “அன்று அப்படிச் சொன்னதும் நீ, இன்று மாற்றிச் சொல்வதும் நீ. எதை நம்புவது? உன் வீட்டில் வேலை செய்பவளின் பிள்ளைதானே?” என்று மாஜிஸ்திரேட் அம்மாள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டாள்.

ஜலஜா சீர்திருத்தப் பள்ளிக்குப் போனாள். மொட்டைத் தலையோடு, ஒரு கண் வீங்கி, மாசிலாமணி வந்து நின்றான். அவளைக் கண்டதும் அந்த முகத்தில் ஒரு மலர்ச்சி!

“அக்கா, இப்ப எனக்கு இந்தி தெரியும். கடிகாரம் ஏதுன்னு யாரு கேட்டாலும், நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே, அதையேதான் சொல்றேன். ‘மைனே கரீதா.’ சரிதானே?”

அவள் அந்த வீங்கிய கண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்படிச் சொல்றப்போல்லாம் அடிக்கிறாங்க. ஏங்க்கா?”