சுடலைவடிவு அடுப்பை விட்டு அக்கரைக்குப் போனது

சுடலைவடிவுக்குக் காட்டில் தங்குவது புதிதில்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் தார்ப்பாய் கட்டிக் குடில் போட்டு நாலைந்து நாள் கிடப்பது அவள் புகுந்த வீட்டு வழக்கம். போய்வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பெரிய நிம்மதி என்பார்கள். ஆற்றில் குளிக்கலாம், மரத்தடியில் உறங்கலாம், சீட்டு விளையாடலாம். அவளுக்கு மட்டும் கணக்கு வேறு. சீவலப்பேரி வீட்டில் குழாயும் கேஸ் அடுப்பும் வைத்துக்கொண்டு செய்கிற அதே வேலையை, இங்கே மூன்று கல்லும் ஈர விறகும் வைத்து, குரங்கை விரட்டிக்கொண்டே செய்ய வேண்டும். அவளுக்குக் காடு என்றால் புகை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் அடுத்த பந்திக்கு ஆள் உட்கார்ந்திருக்கும்.

பிறந்தது களக்காடு. அங்கே அப்பா வாழைத்தார் வியாபாரி. வாக்கப்பட்ட நாளிலிருந்து அவள் ஆக்காத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். காய்ச்சலில் ஆக்கியிருக்கிறாள். மாமியார் படுக்கையில் விழுந்தபின் அந்த அம்மாவுக்குக் குழைவாக ஒன்று, வீட்டுக்காரருக்கு உதிரியாக ஒன்று என்று இரண்டு பானை வைத்திருக்கிறாள். இதைத் தியாகம் என்று சொல்லி அவளுக்குச் சால்வை போட வருகிறவர்கள் முதலில் அந்த இரண்டு பானையையும் கழுவிவிட்டு வரட்டும். அவள் தியாகி ஒன்றும் இல்லை. ஆக்கிக்கொண்டேதான் எல்லாரையும் திட்டுவாள்.

கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு வேளை உட்கார்ந்து தின்னலாமே என்று கேட்கலாம். அங்கே போய் இறங்கினதும், "சுடலைவடிவு வந்துட்டா, இனி தேங்காய்க்குக் கவலையில்ல" என்று துருவியை நீட்டிவிடுவார்கள்.

அதனால்தான் மகள் பிரியதர்ஷினி அந்தச் செய்தியோடு வந்தபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். பிரியதர்ஷினிக்குப் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. அம்பாசமுத்திரம் தாண்டி மலையடிவாரத்து அணைக்குள்ளே ஒரு தீவு இருக்கிறதாம். படகில்தான் போகணுமாம். பூங்காவாம், கூடாரமாம்.

"கூடாரம் கெடக்கட்டும். சோறு?" என்றாள் சுடலைவடிவு.

"அவங்களே குடுத்துருவாவம்மா. ராத்திரிக்கும் காலைக்கும். நீ அடுப்பத் தொடவே வேண்டாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீ, நான், அப்பா. மூணு பேருக்குச் சொல்லிட்டேன்."

சுடலைவடிவுக்குத் தண்ணீரும் தீவும் கண்ணில் படவில்லை. ஒரு தட்டு தெரிந்தது. அந்தத் தட்டில் யாரோ ஆக்கிய சோற்றை யாரோ போட, அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு ராத்திரி கிடைத்தால் போதும் என்று இருந்தது.

அவள் வீட்டுக்காரர் சங்கிலிபூதத்தான் நல்ல மனிதர். கொஞ்சம் வயல், நெல்லும் வாழையும். குடி கிடையாது, கை நீட்டமாட்டார். இரண்டே குறைதான். ஒன்று, சோறு வாயில் போகுமுன்பே அதைப்பற்றி அபிப்பிராயம் சொல்லிவிடுவார். இரண்டு, தனியாக எங்கேயும் போகமாட்டார். மூன்று பேருக்குக் கார் பிடிப்பதா என்று யோசித்தார். அதோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் வேனே வந்துவிடும். வேன் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் காலி இருக்கையோடு ஒரு வேன் ஊரைத் தாண்டினால் அது குடும்பத்துக்கே கேவலம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அவர் தங்கை முத்துராணியும் அவள் புருஷன் இசக்கியப்பனும் வந்தார்கள். மிச்ச இடத்தில் அவருடைய சித்தப்பா வகையறா ஏறிக்கொண்டது. அந்த வகையறாவைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு எல்லாரும் இருப்பார்கள் என்று தெரிந்தால் போதும். பிரியதர்ஷினி முகம் சிவக்கப் பூங்காவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கூடாரமும் சாப்பாடும் சொல்லி வைத்தாள்.

புறப்படுகிற அன்று வேன் மேலே அண்டா ஏறியது. பின்னாலேயே அரிசிச் சாக்கு, பருப்பு, புளி வத்தலிலிருந்து காப்பித்தூள் வரை ஒரு பொட்டலம், ஒரு பை தேங்காய். முத்துராணி தன் பங்குக்குத் தோட்டத்துக் கத்திரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய் என்று ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள்.

சுடலைவடிவு வாசலில் நின்று பார்த்தாள். "அண்டா எதுக்கு?"

"எதுக்கும் கெடக்கட்டும்டி. பாத்திரமா சோறு கேக்குது?" என்றார் சங்கிலிபூதத்தான்.

"இந்தா பாருங்க, இப்பவே சொல்லிப்புடுதேன். அண்டா வரட்டும், அரிசி வரட்டும். நான் கையக் கொண்டும் தொட மாட்டேன்."

"ஒன்ன யாரு தொடச் சொன்னா?"

ஆண்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே போய்க் கேஸை மூடி, அடுப்பின்மேல் பழைய துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டு வேனில் ஏறினாள்.

அந்த அணையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள். மேற்கே மலை, முன்னால் தண்ணீர், நடுவில் மரமடர்ந்த ஒரு திட்டு. ஒப்பந்தக்காரர் ஒருவர் அதைப் பூங்காவாக்கி, நடுவில் சிமெண்டில் ஒரு மான் செய்து வைத்திருக்கிறார். அக்கரையில் நிஜ மான் தண்ணீர் குடிக்க வரும். அதை யாரும் பார்ப்பதில்லை, சிமெண்டு மானோடு படம் எடுக்கத்தான் வரிசை.

படகு ஓட்டுகிறவன் ரெக்சன். மணப்பாட்டுப் பையன், மீன்பிடிக் குடும்பம். எல்லாருக்கும் மிதவைச் சட்டை மாட்டிவிட்டான். முத்துராணிக்கு அது கழுத்துவரை ஏறி, முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கடைசியாக இசக்கியப்பனும் இன்னொருவரும் அண்டாவைத் தூக்கி வந்தார்கள்.

ரெக்சன் அண்டாவைப் பார்த்தான். "இதுக்கும் ஒரு சட்ட மாட்டவா அண்ணாச்சி?"

"மாட்டுலே. எங்க வீட்ல அதுக்குத்தான் மதிப்பு" என்றார் சங்கிலிபூதத்தான்.

தீவில் இறங்கினதும் வகையறா சிமெண்டு மானிடம் போய்விட்டது. சுடலைவடிவு ஒரு மருதமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. செய்ய ஒன்றுமில்லை என்பது முதலில் உறுத்தியது. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துப் பழகிவிட்டது. சும்மா இருப்பதற்கு ஒன்றும் பயிற்சி வேண்டியதில்லை, வீட்டில் நிறையப் பேர் பயிற்சியில்லாமலேயே செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் காற்று கிளம்பியது. ஆனி மாதத்து மேல்காற்று. மலை இடுக்கு வழியாக வந்து தண்ணீரை மடித்து மடித்து எறிந்தது. ஒரு கூடாரம் பிய்த்துக்கொண்டு சிமெண்டு மானின் கொம்பில் போய் மாட்டியது. ரெக்சன் படகை இழுத்துக் கரை மரத்தில் கட்டினான்.

பிரியதர்ஷினி ஓடிப்போய்க் கேட்டாள். "அண்ணே, சாப்பாடு எடுக்கப் போகலையா?"

"காத்து அடிக்கில்லா. இந்தக் காத்துல படகு எடுக்கக் கூடாது."

"இங்கன சமையக்காரர் கெடையாதா?"

"சமையல் அக்கரையிலதாம்மா. பாத்திரத்துல ஏத்தி நான்தான் கொண்டாரணும். காத்து நின்னாத்தான் போவ முடியும். விடியக்காலம் நின்னுரும்."

இசக்கியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு வந்தான். "ஏலே, மணப்பாட்டுக்காரன் நீ. கடல்ல போறவன், கொளத்துல போகப் பயப்படுத?"

"கடல்ல செத்தா எங்கய்யா அழுவாரு. இங்க செத்தா, சொல்லாமப் படக எடுத்தான்னு ஒப்பந்தக்காரரு கேஸ் போடுவாரு" என்றான் ரெக்சன்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வகையறா மானை விட்டுவிட்டு வந்தது. முதலில் அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்த மாதிரி, எல்லாருமாகச் சுடலைவடிவைப் பார்த்தார்கள்.

சுடலைவடிவு தண்ணீரைப் பார்த்தாள்.

"மைனி" என்றாள் முத்துராணி, குரலில் வெல்லம் போட்டு. "ஒரு கை அரிசியப் போட்டு ஒரு ரசம் வச்சாக் கூடப் போதும்."

"போதும்னா வையி."

"எனக்கு விறகடுப்பு ஆகாது மைனி. இழுப்பு வந்துரும்."

"எனக்கு மட்டும் கண்ணுல பன்னீரா வருது?"

இசக்கியப்பன் இடையில் வந்தான். "யக்கா, சின்னஞ்சிறுசுக பசியில கெடக்குக."

"சின்னஞ்சிறுசு யாரு மாப்ள? நம்ம சித்தப்பாவா? எழுவது வயசுக்காரரு வழியெல்லாம் முறுக்கு தின்னுட்டு வந்தாரு."

பிரியதர்ஷினி அம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள். "யம்மா, நான் வேணா முயற்சி பண்ணவா?" அவளுக்கு நூடுல்ஸ் தவிர ஒன்றும் தெரியாது. சுடலைவடிவுக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்தபோதுதான் உறுதி ஆட்டம் கண்டது. தன் சம்பளத்தில் ஆசையாகக் கூட்டி வந்தவள், குற்றவாளி மாதிரி நிற்கிறாள். கால் தானாக மடங்கி எழப் பார்த்தது. இப்போது எழுந்தால் அரை நாழியில் உலை கொதிக்கும். எல்லாரும் தின்பார்கள், வாயாரச் சொல்லுவார்கள். அதன்பிறகு சாகிறவரைக்கும் இந்தத் தீவும் அவளுக்கு இன்னொரு அடுப்படிதான்.

"நீ உக்காரு" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். "பட்டினி கெடந்தா ஒரு ராத்திரில யாரும் செத்துற மாட்டாவ. நானும் சேந்துதான கெடக்கேன்."

சித்தப்பா ஒரு முறை இருமினார்.

சங்கிலிபூதத்தான் நெடுநேரம் அண்டா பக்கத்திலேயே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏய் மாப்ள, அந்தச் சாப்பாட்டுக் கொட்டகையில காத்து மறைப்பா இருக்கு. மூணு கல்லத் தூக்கிப் போடு."

சுடலைவடிவு திரும்பிப் பார்க்கவில்லை. கல் உருள்கிற சத்தம் கேட்டது. ரெக்சன் காய்ந்த விறகு கொண்டுவந்து போட்டான். விளையாட்டுக் காட்டுகிறார், கொஞ்ச நேரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு வருவார் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. தட்டைப் பாறை ஒன்றைக் கழுவி, தேங்காயும் சீரகமும் வத்தலும் வைத்து இன்னொரு கல்லால் நசுக்குகிற சத்தம் வந்தது. இழுத்து இழுத்து, ஒரே தாளத்தில் அரைக்கிற சத்தம். பழக்கமில்லாத கைக்கு அந்தத் தாளம் வராது. அப்போதுதான் அவள் திரும்பினாள்.

அவர் பருப்பை முக்கால் வேக்காட்டில் விட்டு அரிசியைப் போட்டார். காயைப் பிந்திப் போட்டார், கரைந்துவிடாமல். புளித்தண்ணீரை அதற்கும் பிந்தி. கூட்டாஞ்சோறு. அரைத்ததைக் கடைசியில் வழித்து ஊற்றி, கரண்டியை அடியில் விட்டு ஒரே புரட்டு. வாசனை மருதமரம்வரை வந்தது.

முத்துராணி அவளுக்குத்தான் முதல் தட்டு கொண்டுவந்தாள். சுடலைவடிவு ஒரு வாய் எடுத்து வைத்தாள். குறை சொல்லத்தான் எடுத்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. முருங்கைக்காய் முழுசாக வெந்து, உடையாமல் கிடந்தது. நன்றாக இருந்தது, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எப்படி இருக்கு மைனி?" முத்துராணிக்கு ஒரு வாய் உள்ளே போனதும் பெருமை பொங்கிவிட்டது. "அண்ணன் கை அப்படி. கல்யாணத்துக்கு முந்தி எங்க வீட்ல அவந்தான ஆக்குவான்! ஆத்தா களையெடுக்கப் போயிருவா. எல்லாம் ஆத்தா படிச்சுக் குடுத்ததுதான்."

"ஏட்டி முத்துராணி, தண்ணி கொண்டா" என்றார் சங்கிலிபூதத்தான் அவசரமாக.

சுடலைவடிவு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் பேசியதை வகையறா அன்றுதான் முதல்முறை கேட்டது.

"பிரியா பொறந்து எனக்குக் காய்ச்சல்ல தல தூக்க முடியாமக் கெடந்தேன். பக்கத்து வீட்டு ஜமீலா பீவிதான் சோறு குடுத்து விட்டாவ. அப்ப இந்தக் கை எங்க இருந்துச்சு?"

"அப்ப ஆத்தா இருந்தால்லா. ஆம்பள அடுப்படில நின்னா அவளுக்கு ஆகாதுன்னு…"

"ஒங்க ஆத்தாதான படிச்சுக் குடுத்ததுங்கா ஒங்க தங்கச்சி?"

அவர் கரண்டியைப் பார்த்தார். கரண்டி ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. "கல்யாணம் ஆன பொறவு ஆக்குனா ஊர்ல சிரிப்பாவன்னு விட்டுட்டேன். நீயும் நல்லா ஆக்குன…"

"நான் ஆக்குறது நல்லா இருக்குன்னு இப்பத்தான் சொல்லுதிய. இத்தன வருசமா உப்பு, புளி, ஒறப்புன்னுதான் கேட்டிருக்கேன்."

இசக்கியப்பன் சிரித்துவிட்டு, முத்துராணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். ரெக்சன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க இங்கனயே வேலைக்கு வந்துருங்க. காத்து அடிச்சாலும் கவலையில்ல" என்றான். அழலாமா என்று சுடலைவடிவுக்கு ஒரு யோசனை வந்தது. சோறு ஆறிவிடும் என்று விட்டுவிட்டாள். தட்டை நீட்டினாள். சங்கிலிபூதத்தான் எழுந்து வந்து போட்டார். அவள் மறுபடியும் நீட்டினாள். அதையும் போட்டார். அடிப்பிடித்த பொருக்கு இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். பொருக்கு இல்லை, அவர் அடிப்பிடிக்க விட்டிருக்கவில்லை. அதற்கும் ஒரு முறை முறைத்தாள்.

விடியும்போது காற்று நின்றிருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எந்தக் காலத்திலும் எல்லாருக்கும் முன்னால் எழுகிறவள், கூடாரத்துக்குள் கண்ணைத் திறந்து மேலே துணியில் வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மகள் பக்கத்தில் உறங்கினாள். வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"ஏட்டி, எந்திரிக்கலையா? விடிஞ்சுட்டு."

"தெரியுது."

"அந்தப் பையன் இட்லி எடுக்கப் போயிருக்கான். வர நேரமாகும்." கொஞ்சம் நின்று, "எல்லாரும் காப்பி கேக்காவ" என்றார்.

சுடலைவடிவு போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்குச் சீனி கம்மியாப் போடுங்க."

பிறகு பைய, அந்தச் செருப்பு கொட்டகைப் பக்கம் போனது. சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது.