சத்தம் போடாத காரும் ஒரு தட்டு முட்டையும்

கார் விற்கும் தொழிலில் நாம் விழுந்து விழுந்து படித்து வைத்ததை யாரும் கேட்பதில்லை. கேட்பதை நாம் படித்திருப்பதில்லை. ஷோரூமில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேலத்தில் ஹைபிரிட் கார் விற்க நான் சேர்ந்து மூன்று மாதமாகியும் ஒன்றுகூட நகரவில்லை. மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஸ்டெல்லா, இந்த மாசமும் ஒண்ணு போகலைன்னா உன்னை ஆத்தூர் பழைய கார் யார்டுக்கு மாத்திடுவேன்."

நான்கு முறை ஸ்டார்ட்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்து, மனைவி சரஸ்வதியோடு வந்தார். பண்ணை வைப்பதற்கு முன்பு லாரி ஓட்டியவர். சின்ன ஹைபிரிட்டில் ஏறிப் பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினார், ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகியிருந்தது அணைந்துபோனது. இப்படி நான்கு முறை.

"முதல்ல பேட்டரியில போகும் சார். தேவைப்பட்டா பெட்ரோல் என்ஜின் தானா சேர்ந்துக்கும்" என்றேன். அவர் இறங்கிப் போய் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "ஏனுங்க அம்மணி, உறுமாத வண்டிய எப்படீங்க நம்பறது?"

முட்டைப் பரீட்சை

அடுத்த வாரம் முப்பது முட்டை அடுக்கிய தட்டோடு வந்தார். நான் கொடுத்திருந்த மைலேஜ் அட்டவணை, தட்டு ஆடாமலிருக்க அதற்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் சின்ன மாடல், பிறகு பெரிய மாடல் என்று ராசிபுரம் சாலையில் அதே வேகத்தடைகள்மேல் ஓட்டினார். சின்னதில் இரண்டு முட்டை உடைந்தது. சீட்டைத் துடைத்தது நான். பெரியதில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. கூட வந்திருந்த சரஸ்வதியைக் கேட்காமலே செல்லமுத்து தீர்ப்பு சொன்னார்: "பெருசே இருக்கட்டுங்க. முட்டை பொய் சொல்லாது."

சரஸ்வதி போன ஒரு சுற்று

மாதக் கடைசி. பெரிய மாடலுக்கு ஃபாரம் நிரப்பும்போது, இனி ஆத்தூர் பஸ் ஏற வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் சரஸ்வதி, "தெனமும் ஓட்டப்போறது நானு. சின்னத ஒருக்கா குடுங்க" என்றார். புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று பிடித்தால் "யோசிச்சுட்டு வாரோம்" என்பார்கள். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை. சாவியைக் கொடுத்தேன்.

செல்லமுத்து வாசலில் நின்று என்னிடம் லாரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று போய்வந்த சரஸ்வதி, அவர் முதுகுக்குப் பின்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது அவருக்குத் தெரியவே இல்லை.

"இதுதான் வேணும்" என்று சரஸ்வதி இறங்கினார். "இப்ப இருக்கற டீசல் வண்டிய எடுத்தாலே சத்தங்கேட்டு, 'போற வழியில'ன்னு ஓடியாந்து நாலு வேலை சொல்றீங்க."

"பெருசுந்தான் சத்தம் போடாது" என்றார் செல்லமுத்து, விடாமல்.

"பெருசுக்கு நம்ம வாசல் கேட்டுல ரெண்டு கதவும் தெறக்கோணும், ஒண்ணு கிறீச்சுங்கும். இதுக்குச் சத்தம் போடாத ஒரு கதவே போதுமுங்க."

நான் மூன்று மாதம் தொண்டை வற்றப் பேசியும் போகாத கார், வாயே திறக்காமல் தன்னைத்தானே விற்றுக்கொண்டது.