புகையில்லாத கார்

டாக்ஸி நிறுத்தத்தில் அவருக்கு 'எதுக்கும்' என்று பெயர். எதுக்கும் ஒரு குடை, எதுக்கும் ஒரு கயிறு, எதுக்கும் இன்னொரு டார்ச் லைட் என்று டிக்கியை நிரப்பி வைத்திருக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பயணி பேசாமல் வந்தால் திருடனோ என்று பயப்படுவார். நிறையப் பேசினால் சந்தேகமே இல்லை, திருடன்தான். ஆனால் மகள் விஷயத்தில் அவர் பட்ட பயத்தை மட்டும் அங்கே யாரும் கேலி செய்ததில்லை.

மகளுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது அந்தச் சின்ன விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்கும். அப்பாவுக்கு என்ன வேலை, வண்டி எங்கே நிற்கும் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். வீடு சந்தின் கடைசியில் இருந்தது. காலையில் டீசல் காரைக் கிளப்பிச் சூடாக விட்டால் புகை நேரே படுக்கையறை ஜன்னலுக்குள் போகும். "குழந்தைய வண்டிகிட்ட விடாதீங்க" என்றார் டாக்டர். காற்றைக் கெடுக்கிறவன் எவனோ என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தவருக்கு, அந்த எவனோ தான்தான் என்று தெரிந்தால் சோறு எப்படி இறங்கும்?

டீசல் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஒருவர் ஓட்டிய பழைய மின்சாரக் காரை வாங்கினார். வாங்கிய பிறகு அதற்கும் பயம். தீப்பிடிக்குமோ, மழையில் ஷாக் அடிக்குமோ, நடுவழியில் சார்ஜ் தீர்ந்து நிற்குமோ! ரப்பர் செருப்பு போடாமல் சார்ஜர் வயரைத் தொடமாட்டார். அவர் பயந்த எதுவும் நடக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், மகளின் இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது.

"இந்தக் காரு உன்னை ஒண்ணும் பண்ணாது பாப்பா. நீ பக்கத்துல வரலாம்" என்று அவரே மகளைக் கூட்டிப்போய்த் தொட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவள் காரே கதி என்று கிடந்தாள். காரின் முகம் சந்தின் முட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கும் அளவுக்கு இடம். அதில் புகுந்துகொண்டு, பானெட் தூசியில் விரலால் படம் போடுவாள்.

ஒரு மதியம் அவர் சாப்பிட வந்தார். நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுக்கப் போகையில் போன் அடித்தது. கியரைக்கூட எடுக்காமல் பேசிக்கொண்டே இறங்கி உள்ளே போய்விட்டார். பழைய கார் அணைக்காவிட்டால் உறுமிக்கொண்டே நிற்கும், எவனும் மறக்க முடியாது. இதில் உறுமல் ஏது? சத்தம் இல்லையென்றால் வண்டி அணைந்துவிட்டது என்று அவர் காதுக்கு அத்தனை வருஷப் பழக்கம்.

கை கழுவிவிட்டு வெளியே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். காருக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால், வண்டி இன்னும் அணையவில்லை என்று காட்டும் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி அந்தப் பக்கக் கதவு வழியே சீட்டின் மேல் குப்புறச் சாய்ந்து, யாரோ பயணி கொண்டுவந்த பூந்தொட்டியிலிருந்து கொட்டிய மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையை ஊன்றியிருந்த இடம் ஆக்ஸிலேட்டருக்குப் பக்கத்தில். முன்னால் சுவரோரம் மகள்.

கத்த வாய் திறந்தார், மூடிக்கொண்டார். கத்தினால் மனைவி பதறி எழுந்திருப்பாள். எழுந்திருக்க எங்கே கையை ஊன்றுவாள்?

"பாப்பா, அப்பாகிட்ட வா" என்றார் மெதுவாக.

"படம் முடியல."

"அப்புறம் போடலாம்."

"அப்புறம் நீங்க காரை எடுத்துட்டுப் போயிடுவீங்க."

நடந்தார். பாழாய்ப்போன பத்தடி தூரம் ஊரளவு நீண்டது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மார்போடு அணைத்துப் பின்வாங்கினார். "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்று மனைவி எழுந்தாள். கார் எகிறிச் சுவரில் முட்டியது. முன்விளக்குக் கண்ணாடி நொறுங்கி, மகள் நின்ற இடத்தில் விழுந்தது.

மனைவி கையைப் பார்த்துப் பார்த்து அழுதாள். "உன் மேல ஒண்ணும் இல்ல, அணைக்காம விட்டது நான்தான்" என்று அவர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மகள் மட்டும் அழவில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா படத்தைக் கெடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் மறுபடியும் காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று விரலை நீட்டினாள். அவளை மனைவியிடம் தள்ளி நிறுத்திவிட்டு, காலி தண்ணீர்க் கேனை அவள் நிற்கும் இடத்தில் வைத்தார். காரில் ஏறி, பின்னால் எடுத்து, சத்தமே இல்லாமல் முன்னால் விட்டார். கேன் மடாரென்று நசுங்கி அப்பளமானது.

மகள் கேனைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, இது கெட்ட காரா?"

"நல்ல காருதான். ஆனா கிட்ட போகக் கூடாது."

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடக் கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் வரவில்லை. அந்தக் கையைப் பார்த்துப் பின்னுக்கு நகர்ந்தாள். அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் நேற்றிலிருந்து அடைத்துக் கிடந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.