மொரெனிக்கேயின் பொடிப் பின்னல்

லண்டன் பெக்கமில் என் கடைக்குத் தலை பின்ன வருகிற பெண்களெல்லாம் "சீக்கிரம் முடிங்க ஆன்ட்டி" என்று உயிரை வாங்குவார்கள். மொரெனிக்கே மட்டும் இருப்பதிலேயே பொடிப் பின்னலாகக் கேட்பாள். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சாயங்காலம் ஆகிவிடும். இன்சூரன்ஸ் ஆபீசில் போனில் பேசுகிற வேலை. தனி அறை. அம்மா சொந்த ஊரான லேகோசுக்கே திரும்பிப் போய்விட்டாள். எல்லாம் அவள் சொன்னதுதான், வாய் ஓயாது.

"ஆபீஸ்ல ஒருத்தி, உன் முடியத் தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டா ஆன்ட்டி. உன் புருஷன நான் தொட்டுப் பாக்கட்டுமான்னேன்."

கடையே சிரிக்கும். கானாக்காரியான என்னையும் விடமாட்டாள். "உங்க ஊரு ஜொல்லோஃப் சோறு ஆஸ்பத்திரிக்குத்தான் லாயக்கு." மண்டையில் சீப்பால் ஒன்று போடுவேன். "ஆடாதடி, வகிடு கோணுது."

போன சனிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். என்னிடம் வேலை செய்யும் பின்ட்டா, "சாயங்காலம் என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"பெரிய பார்ட்டி. நாப்பது பேர் வர்றாங்க."

"அடிப்பாவி! அப்புறம் எப்பக் குளிச்சு எப்பக் கிளம்புவே?" என்று பதறிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரியையும் இழுத்து வந்தேன். மூன்று பேர் ஒரே தலையில் விழுந்தோம்.

"மெதுவாவே பண்ணுங்க ஆன்ட்டி."

"நீ சும்மா இரு."

சும்மாதான் இருந்தாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. மதியத்துக்கெல்லாம் முடித்து, பிரியாமலிருக்க நுனியை வெந்நீரில் முக்கி, வாழ்த்தி, தள்ளாத குறையாக அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

பஸ் நிறுத்தம் எதிரேதான். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அவள் ஏறவில்லை. புதுத் தலையோடு உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து கடைக்கே திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, பின்னாடி ஒண்ணு ரொம்ப இறுக்கமா இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். ஒரு இறுக்கமும் இல்லை. நாற்பது பேராவது மண்ணாவது! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பின்ட்டா, நீ பின்னின லட்சணத்தப் பாரு! பின்வரிசை பூராப் பாழ்!" என்று கத்தினேன். பின்ட்டா வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி பின்னணும்டி. நேரமாகும்."

"ஆகட்டும் ஆன்ட்டி" என்றாள். நான் துண்டை உதறுவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.