பாதி வழியில் ஒரு புளியமரம்

ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது அதன் மேல் படிந்த தூசி லேசாகக் கருகும் வாசனைதான் எனக்குத் திருவிழா வாசனை. எழுமலையில் என் அம்மாவுக்கு ‘ரேடியோ செட்டக்கா’ என்றுதான் பெயர். அப்பா இறந்த பிறகு, அவர் விட்டுப்போன ஆம்ப்ளிஃபயரையும் ‘குழாய்’ என்று நாங்கள் சொன்ன கூம்பு ஒலிபெருக்கியையும் அம்மாதான் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கட்டினார்.

எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு யாருடைய செட் என்பதை முடிவு செய்ய ஒரு வழக்கம் இருந்தது. கோயிலில் நின்று மைக்கில் பேச வேண்டும். தூரத்துக் கண்மாய்க்கரையில் நிற்கும் பெரியவருக்குப் பேச்சு விளங்கினால் துண்டைத் தூக்கிக் காட்டுவார். ஒரு வருடம் ஆரப்பாளையத்திலிருந்து ஒருவர் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு வாட் உள்ள ஆம்ப்ளிஃபயரோடு வந்து இறங்க, ஊரே அந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. இந்தக் கோயில் கைவிட்டுப் போனால் மற்ற ஊர்க்காரர்களும் அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கே தெரியும்.

அவர்தான் முதலில் பேசினார். வாட் இரண்டு மடங்கு, சத்தமோ கொஞ்சம்தான் கூடுதல். முழுக்கத் திருகியபோது பேச்சு கரகரவென்று உடைந்தது. துண்டு எழவில்லை. அம்மா ஆம்ப்ளிஃபயர் பக்கமே போகாமல், வரப்போடு ஒயரை இழுத்துக்கொண்டு போய், பாதி வழியில் நின்ற புளியமரத்தில் ஏறி, குழாயைக் கண்மாய் பார்க்கக் கட்டிவிட்டுச் சேலையைத் தட்டியபடி திரும்பி வந்தார்.

“இது என்னக்கா நியாயம்?” என்றார் ஆரப்பாளையத்துக்காரர்.

“கரையில கேக்கணும்னுதானண்ணே சொன்னாக. பாதித் தூரம் கிட்டக்க போனா, வாட்ட நாலு மடங்கு கூட்டுன மாதிரி.”

ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். பொங்கல் வைக்க எல்லோரும் வாருங்கள் என்று அம்மா சாதாரணக் குரலில்தான் சொன்னார். துண்டு மேலே போனது. இப்படி ஒருத்தி மதுரைச் சீமையிலேயே கிடையாது என்று அன்று நினைத்தேன். இன்றும் அதே நினைப்புதான்.

இப்போது அந்தக் குழாய்களும் இல்லை, துண்டு தூக்குகிறவரும் இல்லை. கோயில் வாசலில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்களை அடுக்குகிறார்கள். ஆனையூரில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, அத்தனை வருடம் குழாயடியில் நின்றதாலோ என்னவோ, காது மந்தமாகிவிட்டது. என் மகன் அடுப்படியில் நின்றே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கத்துவான். நான் கத்துவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “சாப்பிட வாம்மா” என்று மெதுவாகச் சொல்வேன். அம்மா முந்தானையைத் தூக்கிக் காட்டுவார்.