கதிரையை விட்டு எழும்பாத ராணி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சனிக்கிழமைதோறும் நடக்கும் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில், ஒரு முறையாவது புராணம் இல்லாத நாடகம் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். சொன்னவரே எழுத வேண்டும் என்பது எங்கள் நிர்வாகக் குழுவின் வழக்கம். எழுதினேன்.

இடைக்கால இங்கிலாந்தின் ஒரு ராணியைப் பற்றிய கதை. அவளுடைய தம்பி கடலில் மூழ்கி இறந்துபோனான். தனக்குப் பிறகு மகளே ஆள வேண்டும் என்று தகப்பனான அரசன் பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினான். அவன் கண்ணை மூடியதும் அவளுடைய மச்சான், அதாவது மாமி மகன், கப்பலேறி வந்து முடியைச் சூடிக்கொண்டான். சத்தியம் செய்தவர்கள் அவனுக்கே வாழ்த்துச் சொன்னார்கள். பின்னர் போரில் வென்று முடிசூட லண்டனுக்கு வந்தவளை, சாப்பாட்டு மேசையில் இருக்கும்போதே ஊர்ச்சனம் திரண்டு துரத்திவிட்டது. அவளுக்குத் திமிராம். தகப்பன் ஆட்களின் கண்ணைத் தோண்டச் சொன்னபோது அதற்குக் கண்டிப்பு என்று பெயர்.

ராணியாக நடிக்க எங்கள் செயலாளர் அக்காவைக் கேட்டேன். மண்டபம் பிடிப்பது, ஆசிரியர் தேடுவது, ஹீட்டர் பழுதானால் ஆள் கூப்பிடுவது எல்லாம் அவர்தான். பழைய தலைவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, அடுத்த தலைவர் இவர்தான் என்று குழுவிடம் சொல்லியிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவருடைய விமானம் கிளம்பியதும் துணைத் தலைவர் தலைவராகிவிட்டார். அக்காவுக்கு வீட்டுப் பொறுப்பு அதிகம், பாவம் என்று காரணம் சொன்னார்கள்.

முடியைச் சூடிக்கொண்ட மச்சானாக நடிக்க இந்தப் புதிய தலைவரைக் கேட்டேன். அரசன் வேடம் என்றதுமே வாசிக்காமலே சம்மதித்தார். இரண்டாவது ஒத்திகையில்தான் பிரதியைப் புரட்டினார்.

“தங்கச்சி, இந்த ராசா கெட்டவன் மாதிரியெல்லே வாறான்?”

“சரித்திரம் அப்பிடி, அண்ணை.”

“சரித்திரத்தை ஆர் பாத்தது? கடைசியில ராணி வந்து ராசாவைக் கும்பிட்டிட்டுப் போற மாதிரி வையுங்கோ. பிள்ளையளுக்கும் நல்ல பழக்கம்.”

அக்கா வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்.

விழா அன்று துரத்தும் காட்சி வந்தது. லண்டன் சனமாக நடித்த நிர்வாகக் குழு ஆண்கள் அலுமினியச் சட்டிகளைத் தட்டிக்கொண்டு, “வெளியே போ!” என்று கத்தினார்கள். அக்கா எழுந்து ஓட வேண்டும். அவரோ மேசையிலிருந்த மட்டன் ரோல்ஸ் ஒன்றை எடுத்து ஆற அமரக் கடித்தார்.

“எழும்புங்கோ அக்கா,” என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

“ஏலாது. முதல்ல இந்த ஆக்கள் செய்த சத்தியத்தைச் சொல்லட்டும்.” மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவர் கிரீடத்தோடு மேடைக்கு ஓடி வந்தார். “இது பிரதியில இல்லை!”

“ஓம் அண்ணை. நீங்கள் தலைவரா வந்ததும் பள்ளியின்ர யாப்பு விதிகளில இல்லை.”

மண்டபத்துச் சமையலறை வாசலில் நின்ற பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். சட்டி தட்டியவர்களில் ஒருவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் திரையை இழுத்தேன். அக்கா உள்ளே வந்தார். “வடிவா இருந்துதோ?” என்று கேட்டார். அவரைக் கட்டிப்பிடித்தேன்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் அக்காவிடம் சமாதானம் பேசினார். “உங்கட மகனைத் துணைத் தலைவராப் போடுவம். எனக்குப் பிறகு அவர்தான். சரியே?”

அந்த ராணிக்குக் கிடைத்த தீர்வும் இதுவேதான். மச்சான் சாகும்வரை ஆண்டான், பிறகு அவளுடைய மகன் அரசனானான். தலைவர் ஒருவழியாகச் சரித்திரம் படித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

“அவன் லீட்ஸில படிக்கிறான் அண்ணை,” என்றார் அக்கா. “நான் இங்கதான் நிக்கிறன்.”

வாக்கெடுப்பு என்றதும் சமையலறைப் பெண்கள் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து கையை உயர்த்தினார்கள். அவர்களும் அங்கத்தவர்கள் என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. அக்கா தலைவரானார். தோற்றவர் மனம் நோகக்கூடாது என்று காப்பாளர் என்றொரு பதவியை அங்கேயே உண்டாக்கிக் கொடுத்தோம். அதற்கு வேலை எதுவும் இல்லை. அவரும் மகிழ்ச்சியாகவே ஏற்றுக்கொண்டார்.

தன்னுடைய முதல் கூட்டத்தை அக்கா அறிவித்த நேரத்துக்கே தொடங்கினார். வழக்கம்போலப் பிந்தி வந்தவர்கள், எல்லாம் முடிந்து கதிரைகள் அடுக்கப்படுவதைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்கள்.