செகண்ட் ஷிப்ட் பூனை

அலுமினிய டிபன் பாக்ஸின் கொக்கியை நிமிர்த்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். சின்னச் சத்தம்தான். ஆனால் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுத் தூக்கம் கெட்டதற்கும், கெட்ட தூக்கம் திரும்பி வந்ததற்கும் அதுதான் காரணம். இதையெல்லாம் எழுத நான் யார் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாவது வரைக்கும் படித்தவள்; நாலு பேர் கூடிய இடத்தில் கதவோரமாக நிற்கிறவள். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்பா ஃபேக்டரியில் லேத் மெஷினில் வேலை பார்த்தார். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த நாங்களும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சரோஜா அத்தை குடும்பமும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தோம். இங்கே தும்மினால் அங்கே ‘நூறு’ என்பார்கள். எங்களிடம் சீனி என்று ஒரு பூனை இருந்தது. வெள்ளையில் பழுப்புத் திட்டுகள். குட்டியாக மழையில் நனைந்து வந்ததை நான்தான் பாவாடையில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். என் கால்மாட்டில்தான் படுக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தரோடும் பேசாத நான் அதனிடம் எல்லாவற்றையும் பேசுவேன்.

அந்த வருஷம் ஏதோ அவசர வேலை என்று மழைக்காலம் முழுவதும் அப்பாவுக்கு ‘செகண்ட் ஷிப்ட்’ போட்டுவிட்டார்கள். மத்தியானம் போனால் நடுராத்திரிதான் வருவார். எங்களை எழுப்பக் கூடாதென்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தானே தாழ்ப்பாளை எடுத்து உள்ளே வருவார். அவர் ஒல்லி. ‘உடம்பில் ரத்தமில்லை, தினம் ஒரு முட்டை சாப்பிட வேண்டும்’ என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லியிருந்தார். கேண்டீனில் செகண்ட் ஷிப்டுக்காரர்களுக்கு அவித்த முட்டை கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அம்மாவுக்கு நிம்மதி. “முட்டை தின்ன ஆரம்பிச்சதிலேர்ந்து முகத்துல ஒரு களை வந்திருக்கு” என்று தெருக்குழாயில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் கண்ணுக்கு அப்பா பழையபடிதான் இருந்தார். சீனிதான் உருண்டு திரண்டிருந்தது. எலி பிடித்துத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அது எலி பிடித்ததை ஒருவரும் பார்த்ததில்லை.

மழை விட்டதும் அப்பாவுக்கு ‘ஜெனரல் ஷிப்ட்’ கிடைத்தது. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து தூங்கலாம் என்று சந்தோஷப்பட்டோம். அந்த வாரம்தான் பூனைக்குப் பேய் பிடித்தது. நடுராத்திரி ஆனால் போதும், வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டு குழந்தை அழுவதுபோல் கத்தும். கூடம் முழுக்க ஓடும். அலமாரியில் ஏறி எவர்சில்வர் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும். ஆணியில் மாட்டியிருக்கும் அப்பாவின் பையை இழுத்துப் போடும். வெளியே விட்டால் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தும். அம்மா விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்த்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை.

சரோஜா அத்தை ஒரு காலையில் சிவந்த கண்ணோடு வந்து நின்றாள். “யக்கா, நீங்க வளக்கது பூனையா, பேயா? எங்க வீட்டுக்காரவுக விடியமுன்ன ஷிப்டுக்குப் போவணும்லா. தூங்காம போயி மெஷின்ல கைய கிய்ய விட்டாவன்னா யாரு பொறுப்பு?”

 கோவில்பதாகையிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவரும் கன்னியப்பனிடம் பூனையைக் கொண்டுபோகச் சொல்லி அம்மா அன்றைக்கே பேசினாள்.

“இன்னாமா, கொழுகொழுன்னு கீது! எங்க ஊட்டாண்ட வைக்கப்போர்ல எலி பூந்து வெளாடுது. ஞாயித்துக்கெழம கூடை எட்துகினு வரேன். ராஜாத்தி மாரி பாத்துக்கிறேன்” என்றார் அவர்.

நான் சாப்பிடாமல் அழுதேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார், பூனையை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ சொல்ல வந்தவர்போல் வாயைத் திறந்து, பிறகு “உங்கம்மா சொன்னா சரிதான்” என்று சோற்றில் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை இரவு கடைசியாக அதைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வழக்கமான நேரத்துக்கு அது என் கையை உதறிவிட்டுக் கதவுக்கு ஓடியது. கத்த ஆரம்பித்ததும் அப்பா மெல்ல எழுந்தார். இருட்டில் தடவி ஆணியிலிருந்து பையை எடுத்து, டிபன் பாக்ஸின் கொக்கியை நிமிர்த்தினார். ‘டக்.’ அவ்வளவுதான், கத்தல் நின்றுவிட்டது. பூனை அவர் முன்னால் வந்து வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தது.

விளக்கு எரிந்தது. சுவிட்சில் கை வைத்தபடி அம்மா நின்றிருந்தாள். “என்னங்க பண்றீங்க?”

“முட்டை கேக்குது” என்றார் அப்பா.

“எந்த முட்டை?”

அப்பா காலிப் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேண்டீன் முட்டை. எனக்கு அந்த வாடையே ஆவாது. மொதல்ல மஞ்சக்கருவை மட்டும்தான் பாக்ஸ்ல கொண்டாந்து இதுக்குப் போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் முழுசா.”

“அடப்பாவி மனுசா! முட்டை தின்னு உடம்பு தேறிட்டாருன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே. தேறினது இதுவா?”

அப்பா பூனையைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் வரப்ப நீங்க எல்லாரும் தூங்கியிருப்பீங்க. எழுந்து வந்தது இது ஒண்ணுதான்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “யக்கா, இப்ப நீங்களுமா?” என்று சரோஜா அத்தையின் குரல் வந்தது.

காலையில் கன்னியப்பன் கூடையோடு வந்தார். “தரலை” என்றாள் அம்மா. “இன்னாமா, கூடைய தூக்கிகினு அம்மாந்தூரம் வந்தவன இப்டி காய உடுறியே” என்று அலுத்துக்கொண்டே பாலை ஊற்றினார். கூடை சைக்கிளில் கட்டப்பட்டுத் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

ஞாயிறு இரவு படுப்பதற்கு முன் அம்மா டிபன் பாக்ஸில் ஒரு அவித்த முட்டையை வைத்துப் பூனையிடம் திறந்து நீட்டினாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. அப்பா யோசித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். டிபன் பாக்ஸை வைத்த பையைத் தோளில் போட்டு, செருப்பு மாட்டி வெளியே போய், எங்களைத் தாழ்ப்பாள் போடச் சொல்லி, ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை எடுத்து, களைத்துப்போனவர்போல் உள்ளே வந்தார். ‘டக்.’ பூனை ஓடிவந்தது. அம்மா முட்டையில் ஒரு பாதியைப் பூனைக்கு வைத்து, மறுபாதியை அப்பாவின் வாயில் திணித்து, விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள்.

இப்போது நான் நெமிலிச்சேரியில் இருக்கிறேன். ரயிலில் போகும்போது ஆவடியில் இறங்கி ஒருமுறை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். எங்கள் வரிசை வீடுகள் கதவில்லாமல், கூரையில் அரசங்கன்று முளைத்துக் கிடந்தன. அந்த ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. டிபன் பாக்ஸைப் பழைய பாத்திரத்தோடு போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கியதாக ஞாபகம். அப்பாவும் இல்லை. பூட்டிய கதவை இன்றைக்கெல்லாம் யாரும் வெளியிலிருந்து கையை விட்டுத் திறக்க முடியாது.

முட்டையைப் பாதியாக்கிக் கொடுத்த அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை. அப்பா வேலைக்குப் போனார். சரோஜா அத்தை தலைவாரிக்கொண்டே வந்து, “ராத்திரி நல்லா தூங்கினோம் யக்கா. பூனையக் குடுத்துட்டியளா?” என்று கேட்டாள். அம்மா, “இல்லை” என்றாள்.